கையிருப்பு

எண்பத்திரண்டாயிரத்து எண்ணூறு ரிங்கிட்.
பாதி நிரந்தர வைப்பில்,
மீதி நடப்புக் கணக்கில்.
பிஸ்கட் டின்னில் கிடக்கும் சில்லறை இதில் சேராது.

ஜெலுத்தோங்கில் ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடி
எங்கள் அறக்கட்டளை.
உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு
அட்டைக் காசோலை ஒன்றை அண்டக் கொடுத்திருக்கிறோம்.
மூன்று வருஷத்துக்கு முன் விருந்து மேடையில்
இரண்டு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது.
ஐந்நூறு பேர் கைதட்டிய பத்தாயிரம்.
வங்கிக்கு வரவில்லை.
மழைக்குத் தாங்குகிறது.

நான் பொருளாளர்.
பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
ஊராருக்குச் சம்பளம் போடுகிறவள்.
இரவில் இங்கே
பதினான்கு பேரின் இரத்தத்துக்குக் கணக்கெழுதுகிறேன்.
வாரம் மூன்று முறை அது வெளியே போய்
கழுவிக்கொண்டு உள்ளே வருகிறது.
ஒவ்வொரு முறைக்கும் எங்கள் பங்கு எழுபது.
வேன், டீசல், ஹாலிமின் சம்பளம், வாடகை
எல்லாம் சேர்ந்து மாதம் பதினெட்டாயிரத்து நானூறு.
நாளையிலிருந்து ஒரு சென் வராவிட்டாலும்
நூற்று முப்பத்தைந்து நாள் ஓடும்.

கூட்டத்தில் நாளைத்தான் சொல்வேன்,
ரிங்கிட்டைச் சொல்லமாட்டேன்.
எண்பதாயிரம் என்றால் கை துறுதுறுக்கும்.

"இவ்வளவு காச பூட்டி வெச்சி
அடகாக்கவா போறோம்?
காத்திருக்கிறவங்க ரெண்டே பேரு. சேத்துக்குங்க."
தலைவர் இன்பநாதன் நல்லவர்.
நல்லவர்களிடமிருந்துதான்
பணத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் அளக்கிற ஆறு
ஒருவருடைய முழங்கைக்குள் ஓடுகிறது.
சேர்த்துவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது.
முடியாது என்று சொன்னேன்.
'பொருளாளர் ஆட்சேபித்தார்' என்று
கூட்டக் குறிப்பில் இருக்கிறது.
அந்த இரண்டு பேரின் பெயரை நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் வாய் வந்திருக்காது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்
தனபாக்கியம் வேனுக்கு இறங்கி வரவில்லை.
மின்தூக்கி பழுது என்று நினைத்து
பதினோரு மாடி ஏறிப்போனார் ஹாலிம்.

அந்த மாதம் வரவும் செலவும் சரிக்குச் சரி.
கையிருப்பு அதேதான்.
தனபாக்கியத்தின் வரிசையில் பூஜ்யம் போட்டேன்.
எழுபது பெருக்கல் பதின்மூன்று,
தொள்ளாயிரத்துப் பத்து
இனிவரும் செலவிலிருந்து உதிர்ந்தது.
கீழே பச்சைக் கட்டத்தில்
நான் தொடாமலே எண் மாறியது:
நூற்று நாற்பத்திரண்டு.

ஏழு நாள்.

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் இருபது வருஷம்
மீ கோரிங் கிளறியவர்,
எங்கள் டின்னிலேயே மாதம் ஐந்து ரிங்கிட் போட்டுவிட்டு
ரசீது கொடுத்தால்தான் நகர்பவர்,
மற்ற பதின்மூன்று பேருக்கு
ஒரு வாரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.
வரவுப் பக்கத்தில் அதற்குத் தலைப்பில்லை.

தணிக்கைக்கு வந்த மிஸ் ஓங்
பென்சிலை அந்த வரியில் நிறுத்தி,
செலவு குறைந்ததற்குக் காரணம் கேட்டார்.
"நோயாளிகள் எண்ணிக்கை" என்றேன்.
பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.
பிறகு சின்னதாய் ஒரு டிக்.

ஆனால் அதெல்லாம் பிறகு.
அன்றிரவே காத்திருப்போர் பட்டியலைக் கேட்டு வாங்கினேன்.
முதல் பெயர் வீரமலை, நாற்பத்தொன்று, லாரி உதவியாள்.
பூஜ்யத்தை அழித்து எழுபது எழுதினேன்.
வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறையில்.
டோல் கூடும், டீசல் கூடும்.
பச்சைக் கட்டம்
நூற்று முப்பத்து நான்கில் வந்து நின்றது.

வெளியே மழை பிடித்திருந்தது.
அட்டைக் காசோலையில் கடைசிப் பூஜ்யம்
ஊறிக் கரைந்துகொண்டிருந்தது.
இரண்டாவது பெயர் உள்ளே போகும்படி
தாளை மடித்து
பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்தேன்.